ஹாரன் அடித்தால் நிற்கிற பீட்டில்: கொடைக்கானல் மலைப்பாதையில் ஒரு மின்கோளாறு

வண்டி 1976 மாடல் ஃபோக்ஸ்வேகன் பீட்டில். 1584 சிசி, காற்றில் குளிரும் என்ஜின், இடப்பக்க ஸ்டியரிங். கார்புரேட்டருக்குப் பதிலாக, பெட்ரோலை அளந்து பீய்ச்சும் மின்னணு இன்ஜெக்‌ஷன். கொடைக்கானலில் பள்ளி வேலைக்கு வந்த ஒரு வெளிநாட்டுக் குடும்பம் கொண்டுவந்தது. ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனார்கள். இப்போது அது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் இருக்கிறது. பண்ணைக்காட்டுப் பக்கம் அவருக்குக் காபித் தோட்டம். சாமான் வாங்க வத்தலக்குண்டு இறங்கி, பொழுது சாய்கிற நேரத்தில் மலை ஏறுவது வண்டியின் வழக்கம்.

புகார் இரண்டு. ஏறும்போது மேகம் இறங்கிவிட்டால், ஏதாவது ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றுவிடுகிறது. இழுவை குறைந்து, திக்கித் திணறி நிற்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியைத் திருப்பி அணைத்தது மாதிரி நிற்கிறது. உடனே செல்ஃப் அடித்தால் பிடிக்காது. எல்லாவற்றையும் அணைத்து அரைமணி நேரம் ஓரமாகப் போட்டுவைத்தால் முதல் அடியில் பிடித்துக்கொள்ளும். இது ஒன்று. இரண்டாவது, மேலே ஊருக்குள் ஓடும்போதெல்லாம் கரும்புகை. வண்டிக்குள் பெட்ரோல் வாடை. மைலேஜ் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.

என்னிடம் வருமுன் காயில், கண்டன்சர், பிளக் ஒயர், பெட்ரோல் பம்ப் எல்லாம் மாறியிருந்தன. பனி ஈரத்தில் கரண்ட் கசிகிறது என்று டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேல் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தார்கள். பம்ப் சூடாகி ஏர் லாக் ஆகிறது என்று வேறொருவர் சொன்னதால், பம்ப் மேல் ஊற்றுவதற்கென்றே டிரைவர் ஒரு கேன் தண்ணீரை வண்டியில் வைத்திருந்தார். வெளிநாட்டிலிருந்து பழைய ‘பிரெயின் பாக்ஸ்’ (இன்ஜெக்‌ஷனை நடத்தும் கன்ட்ரோல் யூனிட்) ஒன்றை வரவழைத்து அதையும் மாட்டிப் பார்த்தாகிவிட்டது. கடைசி யோசனை, “இந்த இன்ஜெக்‌ஷனையே கழட்டிக் கடாசிட்டு கார்புரேட்டர் வச்சிருவோம் சார், தொல்லை விட்டுச்சு” என்பது. நம் ஊரில் இன்ஜெக்‌ஷனோடு வந்த பழைய வண்டிகள் பலவற்றுக்கு இப்படித்தான் முடிவு வருகிறது. கழற்றிய பாகம் மூட்டையில் போகும். பிறகு அது கிடைக்கவே கிடைக்காது.

இத்தனை பேர் பார்த்ததில் ஒருவர்கூட மீட்டர் வைத்து அளந்ததாகத் தெரியவில்லை. உருப்படியான ஒரே தகவல் டிரைவர் தம்பியிடம்தான் இருந்தது. “அண்ணே, ஹாரன் அடிச்சா நிக்குதுண்ணே. சொன்னா எல்லாரும் சிரிக்கிறாங்க.” ஹாரன் அடிக்கும்போது லைட் மங்குகிறதா என்று கேட்டேன். “ஆமாண்ணே, நல்லா மங்கும்.” எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஹாரனுக்கும் என்ஜினுக்கும் பொதுவாக ஓடுகிற ஒயர் எது என்ற கேள்விதான் வந்தது.

இந்த இன்ஜெக்‌ஷனில் என்னதான் இருக்கிறது

போஷ் நிறுவனத்தின் முதல் மின்னணு இன்ஜெக்‌ஷனான டி-ஜெட்ரானிக், 1967-இல் ஃபோக்ஸ்வேகன் 1600 காரில் வந்தது. எல்-ஜெட்ரானிக் 1974-இல் வந்தது. அமெரிக்கப் புகைக் கட்டுப்பாட்டுக்காக 1975 முதல் அந்த ஊர் பீட்டிலில் கார்புரேட்டர் போய், எல்-ஜெட்ரானிக் வகை இன்ஜெக்‌ஷன் ஏறியது. நம் கையில் இருப்பது அதுதான்.

பயப்பட ஒன்றுமில்லை. உள்ளே போகிற காற்று ஒரு மடிப்புக் கதவைத் தள்ளுகிறது. கதவு எவ்வளவு திறந்தது என்பது வோல்ட்டாக மாறிக் கன்ட்ரோல் யூனிட்டுக்குப் போகிறது. சிலிண்டர் ஹெட் எவ்வளவு சூடு என்று ஒரு சென்சார் சொல்கிறது. என்ஜின் வேகம் காயிலின் மைனஸ் முனையிலிருந்து கிடைக்கிறது. இதை வைத்து நான்கு இன்ஜெக்டரையும் ஒரே நேரத்தில், கிராங்க் ஒரு சுற்றுக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம் திறப்பது என்று யூனிட் முடிவு செய்கிறது. செக் லைட் கிடையாது. ஸ்கேனர் மாட்ட சாக்கெட்டும் கிடையாது. பிழை இருந்தால் வண்டியே ஓட்டத்தில் சொல்லும், மீதியை மீட்டர் சொல்ல வேண்டும்.

கரண்ட் கொடுக்கும் வேலை இரட்டை ரிலே ஒன்றின் பொறுப்பு. ரிலே என்பது சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச். ஒரே டப்பாவுக்குள் இரண்டு ரிலே. ஒரு பாதி கன்ட்ரோல் யூனிட்டுக்கும் இன்ஜெக்டருக்கும் கொடுக்கும்; மறுபாதி பெட்ரோல் பம்புக்கு. செல்ஃப் அடிக்கும்போது பம்ப் நேராக ஓடும். என்ஜின் பிடித்த பிறகு, காற்றுக் கதவுக்குள் இருக்கும் சின்ன கான்டாக்ட் மூடியிருந்தால்தான் ஓடும். வண்டி மோதி என்ஜின் நின்றால் காற்று நிற்கும், கதவு சாத்தும், பம்பும் நிற்கும். தீப்பிடிக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு.

ஜெர்மன் வண்டிகளில் முனைகளுக்கு எண் உண்டு; தெரிந்து வைத்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம். 30 என்றால் பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் பிளஸ். 15 சாவி போட்டால் வருவது. 50 செல்ஃப் அடிக்கும்போது மட்டும். 31 எர்த். இரட்டை ரிலேயின் பெரிய கரண்ட் 30-இலிருந்து நேராக வருகிறது. அந்த ரிலேயைப் பிடித்து வைக்கும் சுருளுக்கு வரும் சின்ன கரண்ட் மட்டும் 15-இலிருந்து, அதாவது சாவி ஸ்விட்ச் வழியாக. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஓர் எச்சரிக்கையும் இங்கேயே. இந்த வகை இன்ஜெக்டரின் சுருள் 2 முதல் 3 ஓம்தான். அதற்கு முன்னால் தலா 6 ஓம் அளவில் தடை ஒன்று தொடராகப் போட்டிருப்பார்கள். புது வண்டி இன்ஜெக்டர்கள் பல 12 ஓமுக்கு மேல் என்பதால் பேட்டரியைத் தொட்டு ‘டிக்’ சத்தம் கேட்டுப் பார்க்கும் பழக்கம் கடைகளில் உண்டு. இதில் அப்படிச் செய்தால் சுருள் வெந்துவிடும். சத்தம் கேட்க வேண்டுமானால் என்ஜினை ஓடவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜெக்டரிலும் பிடியைக் காதிலும் வைத்தால் போதும்.

முதலில் கரும்புகை

இது சீக்கிரம் முடிந்தது. பெட்ரோல் அழுத்தம் பார்த்தேன்: அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்வம் ஹோஸைக் கழற்றினால் 2.5 பார், மாட்டினால் ஐடிலில் 2 பார். இரண்டும் சரி. பம்ப், ஃபில்டர், ரெகுலேட்டர் மூன்றும் அதோடு சந்தேகத்திலிருந்து விலகின.

அழுத்தம் சரியாக இருந்தும் பெட்ரோல் அதிகம் போகிறதென்றால் இன்ஜெக்டர் அதிக நேரம் திறந்திருக்கிறது. யூனிட் என்ஜினைக் குளிராக இருப்பதாக நினைத்தால் அப்படித் திறக்கும். ஹெட் சென்சார் சூடு ஏற ஏறத் தடை குறைகிற வகை. 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் 250 முதல் 400 ஓம். நன்றாக ஓடிச் சூடான என்ஜினில் சென்சாரின் முனையிலேயே அளந்தபோது 240 ஓம். நல்ல சென்சார். ஆனால் கன்ட்ரோல் யூனிட் கப்ளரைக் கழற்றி, 13-ஆம் முனைக்கும் எர்த் முனைக்கும் இடையில் அளந்தால் 650 ஓம். யூனிட்டின் கணக்கில் என்ஜின் இன்னும் 60 டிகிரியைக்கூடத் தொடவில்லை. நடுவில் நானூறு ஓம் எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சென்சாருக்கு ஒரே ஒயர். மறுமுனை எர்த், அது சென்சாரின் மரை வழியாக ஹெட்டுக்குப் போகிறது. ஒயரின் நடுக் கப்ளரைப் பிரித்தேன். கொடைக்கானல் ஈரம் உள்ளே போய் செம்பு பச்சை பூத்திருந்தது. புது முனை போட்டு, மரையைத் துடைத்து மாட்டியதும் இரண்டு இடத்திலும் ஒரே அளவு வந்தது. புகை நின்றது.

முழுக்க நின்றதா என்று கேட்டால், ஒரு துளி மிச்சம் இருக்கத்தான் செய்யும். ஏறக்குறைய 2100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் நாலில் மூன்று பங்குக்குச் சற்று மேல். மடிப்புக் கதவு காற்றின் எடையை நேராக அளப்பதில்லை. தள்ளும் விசையை அளக்கிறது. அதனால் அடர்த்திக் குறைவில் பாதியைத்தான் அது உணரும். மீதிப் பாதிக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போகும், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. சில கார்களில் இதற்கென்றே உயரத்தை உணரும் ஸ்விட்ச் வைத்தார்கள். இதில் இல்லை. கீழே வத்தலக்குண்டில் தெரியாத கோளாறு மேலே கரும்புகையாகத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான்: சென்சார் கப்ளர் கூட்டியது ஒன்று, மலை கூட்டியது இன்னொன்று. காற்றுக் கதவின் கறுப்பு மூடியைப் பிரித்து, உள்ளே இருக்கும் பல்சக்கரத்தை நகர்த்தி ஸ்பிரிங்கை இறுக்கினால் இதைக் குறைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நல்லவேளை, இந்த வண்டியில் அந்த மூடியில் யாரும் கை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

பிறகு, நிற்பது

இனி ஹாரன். புகை நின்றும் வண்டி நிற்பது நிற்கவில்லை.

திடீரென நிற்கும் வண்டியை நின்ற இடத்தில்தான் பிடிக்க வேண்டும். கடைக்கு வந்து சேர்ந்தபின் எல்லாம் சரியாகவே இருக்கும். அதனால் பைக்குக்கு விற்கிற சின்ன டிஜிட்டல் வோல்ட் மீட்டர்களை டேஷ்போர்டில் வரிசையாக ஒட்டினேன். ஒன்று பேட்டரி. ஒன்று சாவி ஸ்விட்சின் 15. ஒன்று இரட்டை ரிலேயின் சுருளுக்கு வரும் முனை. ஒன்று பம்பின் முனை. டெஸ்ட் லேம்ப் கட்டலாமே என்று கேட்கலாம். சாதாரண இடத்தில் கட்டலாம். ரிலே சுருளின் முனையில் கூடாது. அந்த ஒயரில் ஓடுவதே கால் ஆம்பியருக்குக் குறைவு. பல்பு அதே அளவு அல்லது அதற்கு மேல் இழுக்கும். நாம் தேடுகிற கோளாறையே பல்பு மாற்றிவிடும். டிஸ்ப்ளேக்குத் தனியாகச் சப்ளை கொடுத்து, அளக்கும் முனையை மட்டும் அங்கே தொட்டால் அந்தப் பிரச்சினை இல்லை. பீட்டிலில் பேட்டரி பின் சீட்டுக்கு அடியில், ரிலேயும் அங்கேயே. அதனால் முன்னாலிருந்து பின்னால் வரை மிதியடிக்குக் கீழே நீள ஒயர்கள் ஓடின. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. சார் ஒன்றும் சொல்லாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெருமாள்மலை வரை இறங்கி, மேகம் ஏறும்வரை டீக்கடையில் காத்திருந்து கிளம்பினோம். டிரைவர் தம்பி ஓட்ட, நான் பக்கத்தில். லைட் எதுவும் இல்லாமல் சமதளத்தில் பேட்டரி 13.8, சாவியில் 13.2, ரிலே சுருளில் 9.1.

அங்கேயே ஒரு விஷயம் கண்ணில் உறுத்தியது. சாவியிலிருந்து ரிலேக்குப் போவதற்குள் நான்கு வோல்ட் காணோம். ஆனாலும் வண்டி அருமையாக ஓடிக்கொண்டிருந்தது.

மேகம் வந்ததும் தம்பி ஹெட்லைட், மஞ்சள் ஃபாக் லேம்ப், வைப்பர் எல்லாவற்றையும் போட்டார். சாவியில் 10.4. ரிலேயில் 7.2. இன்னும் ஓடுகிறது. வளைவு. முதல் கியர். என்ஜின் வேகம் இறங்கியது, பிரேக்கில் கால். எதிரே ஏதோ பஸ்ஸின் வெளிச்சம், தம்பி ஹாரனை நீட்டி அழுத்தினார். சாவியில் 8.4. ரிலேயில் 5.8 என்று ஒரு கணம் தெரிந்தது, பம்ப் மீட்டரில் பூஜ்யம். வண்டி நின்றது.

கைபிரேக்கைப் போட்டுவிட்டு, “லைட்டை அணைக்காமலே செல்ஃப் அடி தம்பி” என்றேன். பிடிக்கவில்லை. ரிலேயில் 7 வோல்ட் இருக்கிறது, ஆனால் ரிலே பிடிக்கவில்லை. எல்லா லைட்டையும் அணைத்து சாவியை ஒருமுறை அணைத்துப் போட்டதும் ரிலே ‘டக்’ என்றது. அடித்தவுடன் பிடித்தது. அரைமணி நேரமெல்லாம் வேண்டியதில்லை. நின்றதும் பேட்டரி இறங்கிவிடும் என்று பயந்து எல்லாவற்றையும் அணைத்தார்களே, அதுதான் மருந்து. காத்திருந்தது வீண். பம்ப் மேல் ஊற்றிய தண்ணீரும் வீண்.

கணக்கு

மலைப் பனியில் வெளிச்சம் போதவில்லை என்று ஹெட்லைட்டில் 100/90 வாட் ஹாலஜன் பல்பு போட்டிருந்தார்கள். இந்த பல்புக்கு வழக்கமான அளவு 60/55. கூடவே 55 வாட்டில் இரண்டு ஃபாக் லேம்ப், வைப்பர் ஒயரிலிருந்தே கிளை எடுத்து. பழைய ஒற்றை ஹாரன் சத்தம் போதாதென்று ஜோடி விண்ட்டோன் ஹாரன். எதற்கும் தனி ரிலே போடவில்லை.

12 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் டிம் லைட் மட்டும் 15 ஆம்பியர். ஃபாக் லேம்ப் 9. வைப்பர், காயில், மற்ற சில்லறை எல்லாம் சேர்ந்து 7 அல்லது 8. வளைவில் பிரேக் லைட்டும் ஹாரனும் சேர்ந்தால் இன்னொரு 12. மொத்தம் 40-ஐத் தாண்டுகிறது. இந்த மாடலில் ஹெட்லைட் கரண்டும் சாவி ஸ்விட்ச் வழியாகவே போகிறது. சாவியை அணைத்தால் ஹெட்லைட்டும் அணையும். ஆக, இந்த 40 ஆம்பியரும் சாவி ஸ்விட்சுக்கு வரும் ஒரே தடித்த சிவப்பு ஒயர் வழியாக, அதன் நுனியில் இருக்கிற ஒரே ஒரு தட்டை லக் வழியாக வர வேண்டும். அந்த லக்கைப் பார்த்தேன். பித்தளை கறுத்து, பக்கத்தில் பிளாஸ்டிக் உருகி வழிந்து இறுகியிருந்தது. ஒயரின் மேலுறையை விரலால் அழுத்தினால் அப்பளமாக நொறுங்கியது.

அதே லக்கை ஓம் வைத்து அளந்தால் பூஜ்யம்! மீட்டர் ஓம் அளக்கும்போது மிகச் சிறிய கரண்டைத்தான் விடுகிறது. இரண்டு மூன்று செம்பு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலே அதற்குப் போதும். 40 ஆம்பியர் ஓடும்போது அந்த இரண்டு மூன்று இழைக்கு என்ன ஆகும் என்று அது சொல்லாது. ஒயரில் கரண்ட் ஓடும்போது, அதன் இரண்டு முனையிலும் மீட்டரின் இரண்டு கம்பியை வைத்து வோல்ட் பாருங்கள். காட்டுவது அத்தனையும் அந்த ஒயர் தின்றது. ஹெட்லைட் மாதிரி பெரிய சுமைக்குக்கூட அரை வோல்ட்டுக்கு மேல் தின்றால் அந்த ஒயரோ முனையோ சரியில்லை. பழைய வண்டி வயரிங்கில் நான் நம்புவது இந்த ஓர் அளவைத்தான்.

அடுத்தது, சாவிக்கும் ரிலேக்கும் நடுவே காணாமல் போன நான்கு வோல்ட். பின் சீட்டைத் தூக்கி, ரிலேக்கு வரும் கறுப்பு ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனபோது டேப் சுற்றிய ஒரு முடிச்சு அகப்பட்டது. என்றைக்கோ யாரோ திருட்டுத் தடுப்புக்கு ஒளிவு ஸ்விட்ச் ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒயரை வெட்டி, இரண்டு முனையையும் முறுக்கி, டேப் சுற்றியதோடு சரி. சாலிடர் இல்லை, ஸ்லீவ் இல்லை. பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருந்ததால் ஆசிட் ஆவி பட்டு முறுக்கு முழுக்கப் பச்சை. அந்த முறுக்கும் ஸ்விட்சும் சேர்ந்து இருபது ஓமுக்கு மேல். ரிலே சுருளே ஐம்பது ஓம்தான்.

சாருக்கு அப்படி ஒரு ஸ்விட்ச் இருப்பதே தெரியாது. “நாற்பது வருஷமா இது என் சீட்டுக்கு அடியிலயா இருந்துச்சு?” என்று மட்டும் கேட்டார்.

ரிலேயைக் கழற்றி பெஞ்சில் வைத்து, ஏற்றி இறக்கக்கூடிய சப்ளையில் பார்த்தேன். குளிர்ந்த நிலையில் 7.2 வோல்ட்டில் பிடிக்கிறது, 5.3-க்கு இறங்கினால் விடுகிறது. தலை உலர்த்தும் மெஷினால் சூடாக்கினால் பிடிக்க 7.9, விட 5.9. செம்புச் சுருள் சூடானால் தடை கூடும், அதனால் கூடுதல் வோல்ட் கேட்கும். எந்த ரிலேயும் அப்படித்தான். ஒரு வோல்ட்டில் பிடிக்கும், அதைவிட நன்றாக இறங்கிய வேறொரு வோல்ட்டில்தான் விடும். பிடித்துவிட்ட ரிலேயை வைத்திருக்கக் கொஞ்சம் போதும், விட்ட ரிலேயை மறுபடி பிடிக்க வைக்க அதிகம் வேண்டும்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மாலை அளவுகளைப் பாருங்கள். லைட் போட்ட நிலையில் 7.2: ஏற்கனவே பிடித்த ரிலே விடாது, வண்டி ஓடும். ஹாரனும் பிரேக்கும் சேர்ந்தால் 5.8: சூடான ரிலே விட்டுவிடும். நின்றபின் லைட்டோடு 7: விட்ட ரிலே பிடிக்காது. லைட்டை அணைத்தால் எட்டைத் தாண்டும், பிடித்துக்கொள்ளும். மலை இறங்கும்போது ஏன் நிற்கவில்லை? ரிலே அவ்வளவு சூடாகவில்லை. பகலில் ஏன் நிற்கவில்லை? லைட் இல்லை. நேர் சாலையில் ஹாரன் அடித்தால் ஏன் நிற்கவில்லை? அங்கே என்ஜின் வேகமாகச் சுற்றுகிறது, ஆல்டர்னேட்டர் ஈடுகொடுக்கிறது. வளைவில் முதல் கியரில் ஊரும்போது அது கொடுப்பது குறைவு, மீதியைப் பேட்டரி தர வேண்டும். பனி, சூடு, வளைவு, ஹாரன் நான்கும் ஒன்றுகூடுகிற இடம் சாயங்கால மலைப்பாதை மட்டும்தான்.

கருகிய லக் மட்டும் இருந்திருந்தால் வண்டி நின்றிருக்காது. 8.4 வோல்ட் முழுசாக ரிலேக்குப் போயிருந்தால் அது தாராளமாகப் பிடித்துக்கொண்டிருக்கும். முறுக்கிய முடிச்சு மட்டும் இருந்திருந்தாலும் நின்றிருக்காது. பல வருடம் அப்படித்தான் ஓடியிருக்கிறது. அந்த முடிச்சோடு சேர்ந்த கடைசிச் சுமை, வெளிச்சம் வேண்டும் என்று போட்ட 100 வாட் பல்பு.

செய்த வேலை

சிவப்பு ஒயரில் நொறுங்கிய பகுதியை வெட்டி எடுத்து, புது ஒயர் இணைத்து, சாவி ஸ்விட்சையும் அதன் கப்ளரையும் மாற்றினேன். ஹெட்லைட்டின் டிம், பிரைட் இரண்டுக்கும் தனித்தனி ரிலே, ஃபாக் லேம்புக்கு ஒன்று, ஹாரனுக்கு ஒன்று. இவற்றுக்குப் பேட்டரியிலிருந்து பியூஸ் வைத்துத் தடித்த ஒயர் நேராக முன்னால் போகிறது. பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். முன்னால் கொண்டுபோய் வைத்தால், நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது பியூஸ் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். இப்போது சாவி ஸ்விட்ச் வழியாகப் போவது அந்த ரிலேக்களின் சுருள் கரண்ட், காயில், வைப்பர் இவைதான்.

திருட்டு ஸ்விட்சின் முடிச்சை வெட்டி, கறுப்பு ஒயரை ஒரே துண்டாக இழுத்தேன். திருட்டுத் தடுப்பு வேண்டும் என்று சார் பிடிவாதமாகச் சொன்னதால், செல்ஃபுக்குப் போகும் 50 ஒயரில் அதை வைத்தாயிற்று. அங்கே கோளாறு வந்தால் வண்டி வீட்டு வாசலில் கிளம்பாமல் நிற்கும், வளைவில் நிற்காது. இரட்டை ரிலேயைப் பிரித்து உள்ளே சாலிடரைப் புதுப்பித்து, அதையே மாட்டினேன். என்ஜினுக்கும் பாடிக்கும் இடையே கியர்பாக்ஸ் முனையில் இருக்கும் எர்த் பட்டையைத் துடைத்து இறுக்கினேன். செல்ஃப் அடிக்கும்போது அதில் கால் வோல்ட்டுக்கும் கீழேதான் போனது, மாற்ற வேண்டியதில்லை.

பல்பில்தான் வாக்குவாதம். 60/55-க்குத் திரும்பலாம் என்றேன். “பனியில கண்ணு தெரிய வேண்டாமா?” என்றார் சார். அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் இழை பல்பில் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் அளவுக்குக் குறையும். 10 வோல்ட்டில் எரிந்துகொண்டிருந்த பெரிய பல்பு, முழு வோல்ட்டில் எரிகிற சின்ன பல்பிடம் தோற்றுப்போகும். பேசிப் புரியவைக்காமல், ஒரு பக்கம் பழைய ஒயரிங்கில் பழைய பல்பும் மறுபக்கம் புது ரிலேயில் 60/55-உம் போட்டு, இருட்டில் ஷெட் சுவரில் அடித்துக் காட்டினேன். பார்த்துவிட்டுப் பழைய பல்பு இரண்டையும் டிரைவரிடம் கொடுத்துவிட்டார்.

மறுபடி அதே நேரம், அதே பாதை, எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு. வளைவில் ஹாரனை அழுத்தியபடியே இருந்தோம். பேட்டரி 12.6, சாவியில் 12.3, ரிலே சுருளில் 12.2. லைட் அசையவில்லை. டேஷ்போர்டு மீட்டர்களில் மூன்றைக் கழற்றிவிட்டு, சாவியின் 15-ஐக் காட்டுவதை மட்டும் சார் அப்படியே விடச் சொன்னார். வண்டியோடு வந்த பிரெயின் பாக்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. அதையே திரும்ப மாட்டிவிட்டு, வெளிநாட்டிலிருந்து வந்ததைப் பழைய துணியில் சுற்றி அலமாரியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மிச்சம் ஒரு வேலை உண்டு, அதை முடிக்காமல் வண்டியைத் தூர ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பெட்ரோல் ஹோஸ்கள். கார்புரேட்டர் வண்டியில் ஹோஸ் வெடித்தால் சொட்டும். இதில் 2.5 பார் அழுத்தத்தில் சூடான என்ஜின் மேல் பீய்ச்சும். இப்போது பங்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பருக்கு ஒத்துவராது. இன்ஜெக்‌ஷனுக்கென்று வரும் ஜே30 ஆர்9 வகை ஹோஸும், அதோடு உள்ளே வெட்டாத, விளிம்பு மடிந்த கிளாம்பும் மதுரையில் சொல்லியிருக்கிறது. இன்ஜெக்டரின் வால் ஹோஸ் நான்கையும் அப்போது சேர்த்தே மாற்ற வேண்டும். அதுவரை என்ஜின் மூடியைத் தூக்கிப் பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தம்பி காலையில் செல்ஃப் அடிக்கிறார்.